துவர்ப்பும் கறையும்: பல் வெளுக்கும் தாவரங்கள் குறித்து

புனே மாவட்டத்துக் கிராமங்களில் பெண்கள் பல் தேய்க்கும் கறுப்புப் பொடி ஒன்றுக்கு மிஷ்ரி என்று பெயர். மஷேரி என்றும் சொல்வார்கள். காய்ந்த புகையிலையைத் தவாவில் போட்டுக் கருகும்வரை வறுத்து, பொடித்து, டப்பாவில் அடைத்து வைத்துக்கொள்வார்கள். விரலால் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்த்தால் அழுக்கு போகும், ஈறு இறுகும், பல்வலி அடங்கும் என்பது நம்பிக்கை. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் பழக்கம் கைமாறுகிறது. கடையில் விற்கும் ரசாயனம் எதுவும் சேராத, வீட்டிலேயே செய்துகொள்கிற, முழுக்கத் தாவரத்தால் ஆன பல்பொடி அது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தா குழுவினர் 1960களின் பிற்பகுதியில் இந்தப் பகுதிக்கு வந்து, வீடு வீடாகச் சென்று 1,01,761 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 1972இல் வெளியாயின. வாய்ப்புற்றும், புற்றுக்கு முன்னோடியான வெண்படலமும் யாரிடம் காணப்படுகின்றன என்று தேடிய ஆய்வு அது. புகையிலைப் பழக்கத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பை இந்தியக் கிராமங்களிலிருந்தே காட்டிய தொடக்க ஆய்வுகளில் ஒன்று. அங்கே பெண்களின் புகையிலைப் பழக்கம் என்றால் பெரும்பாலும் மிஷ்ரிதான். பிறகு மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. பிடே குழுவினர் மிஷ்ரியின் சாரத்தை விலங்குகளில் சோதித்து, அதன் புற்றூக்கும் தன்மை வலுக்குறைந்தது என்றாலும் மெய்யானது என்று கண்டார்கள். புகையிலையில் இயல்பாகவே உள்ள நைட்ரோசமைன்களோடு, வறுக்கும்போது உண்டாகும் தார்ப் பொருள்களும் பொடியில் சேர்ந்துவிடுகின்றன. பக்கத்துச் சதாரா மாவட்டத்தின் கராடில் நடந்த ஆய்வொன்று, மிஷ்ரி தேய்த்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதைப் பதிவுசெய்தது.

1992இல் மத்திய அரசு, பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதைத் தடைசெய்தது. தயாரிப்பாளர் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1997இல் நீதிமன்றம் தடையை உறுதிப்படுத்தியது. ஆனால் தவாவில் வறுத்து வீட்டிலேயே பொடித்துக்கொள்வதை எந்தச் சட்டம் எட்டும்?

பல் வெளுக்கும் தாவரங்களைப் பற்றி எழுதும்போது மிஷ்ரியை முதலில் வைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்று இன்று பல்பொடிக்கும் பற்பசைக்கும் சொல்லப்படுகிற எல்லாமே மிஷ்ரிக்கும் பொருந்தியிருக்கும். ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது பல்லுக்குத் தெரியாது. அது தேய்க்கிறதா, கரைக்கிறதா, செரிக்கிறதா, வெறுமனே மணக்கிறதா என்பதுதான் பல்லுக்குத் தெரியும். கறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த நான்கில் எது உதவும், எது கெடுக்கும் என்று சொல்ல முடியும்.

கறை இரண்டு இடங்களில் தங்கும். எனாமலின் மேற்பரப்பில் படிவது ஒன்று. எனாமலுக்குள்ளும் அதன் அடியில் உள்ள டென்டினிலும் ஊறிப்போனது இன்னொன்று. மேற்பரப்புக் கறையும் நேராகப் பல்லில் ஒட்டுவதில்லை. பல் துலக்கி முடித்த சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் எனாமல்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகின்றன. இந்தப் படலம் பல்லை அமிலத்திலிருந்து ஓரளவு காக்கும் கவசம். தேநீர், பாக்கு, காசுக்கட்டி ஆகியவற்றில் உள்ள டானின்கள் இந்தப் புரதங்களைத்தான் பற்றிக்கொள்கின்றன. நாவல் பழமோ கடுக்காயோ வாயில் பட்டதும் நாக்கு இழுத்துக்கொள்வதுபோல் உணர்கிறோமே, அந்தத் துவர்ப்பு என்பதே உமிழ்நீரின் புரதத்தை டானின் பிடித்துக் கட்டுகிற நிகழ்வு. நாக்கில் துவர்ப்பாகத் தெரிவது பல்லில் நாளடைவில் பழுப்பாகத் தெரிகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாட்டி வைத்தியத்தின் ஒரு சிக்கல் விளங்கும். ஈறுக்கு நல்லது என்று மரபு சொல்லும் பட்டைகளும் காய்களும் பெரும்பாலும் துவர்ப்பானவை: கருவேலம்பட்டை, ஆலம்விழுது, கடுக்காய், கருங்காலி. துவர்ப்பு ஈறை இறுக்கி இரத்தக் கசிவைக் குறைக்கக்கூடும். ஆனால் அதே டானின் கறை படியவும் இடம் கொடுக்கும். ‘ஈறுக்கு நல்லது’ என்பதும் ‘பல்லை வெளுக்கும்’ என்பதும் இரண்டு வேறு குணங்கள். நம் பல்பொடி விளம்பரங்கள் இரண்டையும் எப்போதும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன.

புனேக்காரர்களின் பல்லில் கறை படிய முதல் காரணம் தேநீர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவுக்குத் தெரு இருக்கும் அம்ருத்துல்யக் கடைகளில் பால், சர்க்கரை, ஏலம், இஞ்சியோடு பித்தளைப் பாத்திரத்தில் தேநீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு நாலைந்து தடவை குடிப்பவர்கள் ஏராளம். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், பிடுங்கிய மனிதப் பற்களைத் தேநீரில் ஊறவைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பால் சேர்த்த தேநீர் குறைவாகவே கறைப்படுத்தியது. பாலின் கேசின் புரதம் டானினை முதலிலேயே பிடித்துக்கொள்வதால், பல்லின் படலத்துக்கு மிஞ்சுவது குறைவு. உடலுக்கு நல்லதென்று பாலை விட்டுவிட்டுக் கடுந்தேநீருக்கு மாறியவர்கள் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

படிந்த கறையை அகற்ற மனிதர்கள் கண்டுபிடித்த மிகப் பழைய வழி தேய்ப்பது. மராட்டியில் ராகுண்டி என்று ஒரு பொடி உண்டு. வறட்டிச் சாம்பலில் செய்வது. பாதாம் ஓட்டைக் கரியாக்கி அரைத்து வைத்துக்கொள்ளும் வீடுகளும் இருந்தன. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருந்தது உமிக்கரி. நஞ்சன்கூடு பல்பொடியும் மதுரைக் கோபால் பல்பொடியும் மளிகைக் கடைக்கு வந்த பிறகும் பல வீடுகளில் உமிக்கரிதான் ஆண்டது. ஒருவகையில் அது புத்திசாலித்தனமான தேர்வு. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை முழுக்க எரித்துக் கிடைக்கும் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. இன்றைய பற்பசையிலும் தேய்க்கும் வேலையைச் செய்வது சிலிக்காதான்.

வேறுபாடு துகளில் இருக்கிறது. பற்பசையில் சேரும் சிலிக்கா நீரேற்றப்பட்டது. துகளின் அளவும் கடினமும் கட்டுப்படுத்தப்பட்டவை. பற்பசை டென்டினை எவ்வளவு தேய்க்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சர்வதேசத் தரம் அதில் 250க்கு மேல் போகக்கூடாது என்கிறது. அடுப்பில் எரிந்த உமியில் துகள் எப்படி அமையும் என்பது தீ எவ்வளவு சூடாக, எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைப் பொறுத்தது. வெப்பம் மிகுந்தால் சிலிக்கா படிகமாகிக் கூர்மையாகும். இடித்துச் சலித்தாலும் நறநறக்கும் துகள் மிஞ்சும். அதை வைத்து வேகமாகத் தேய்த்தால் கறையோடு எனாமலும் சிறிது சிறிதாகப் போகும். ஈறோரம், எனாமல் மெலிந்து முடிகிற இடத்தில், பள்ளம் விழும். எனாமல் ஏறத்தாழ ஒளி ஊடுருவக்கூடியது. அதன் அடியில் உள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள். எனாமல் மெலிய மெலிய மஞ்சள் கூடுதலாகத் தெரியும். முதல் சில வாரம் வெளுப்பு, பல ஆண்டுக்குப் பின் மஞ்சள் என்பதே கடுமையாகத் தேய்ப்பவர்களின் பொதுவான அனுபவம். மஞ்சளைக் கண்டு இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்களும் உண்டு.

இப்போது அதே கரி, தேங்காய் ஓட்டுக் கரியாக, பளபளக்கும் கறுப்புக் குழாயில் திரும்பி வந்திருக்கிறது. விலை மட்டும் பல மடங்கு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் புரூக்ஸ் குழுவினர் எழுதிய மதிப்பாய்வு, கரிப் பற்பசையின் வெளுப்பாற்றலுக்கோ பாதுகாப்புக்கோ போதிய ஆதாரம் இல்லை என்றது. கரி நஞ்சை உறிஞ்சும் என்பது வயிற்றைப் பொறுத்தவரை மெய். இரண்டு நிமிடம் பல்லில் பூசிக் கொப்பளிக்கிற கரி எதை, எவ்வளவு உறிஞ்சிவிடும்?

அடுத்த வழி கரைப்பது. எலுமிச்சைச் சாறு, புளி, ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சுத் தோல் என்று வீட்டுக் குறிப்புகள் வரிசை கட்டி வரும். இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தயக்கமின்றிச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். எனாமல் கரையத் தொடங்கும் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5, எலுமிச்சைச் சாறு 2க்கும் 2.6க்கும் இடையில் இருக்கும். தேய்த்தவுடன் பல் வெளுத்ததுபோல் தோன்றுவது உண்மைதான். மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் அது. அந்தச் சொரசொரப்பில் அடுத்த தேநீர் இன்னும் எளிதாகத் தங்கும். மகாபலேஷ்வர் மலைச்சரிவுகளில் விளையும் ஸ்ட்ராபெர்ரி பருவத்தில் புனே சந்தையில் குவியும்போது, அதை நசுக்கிச் சோடா உப்போடு பல்லில் பூசும் ஆசை பலருக்கு வரக்கூடும். ஐயோவா பல்கலைக்கழகத்தின் சோ ரான் குவோன் இந்தக் கலவையை ஆய்வகத்தில் சோதித்தார். மருத்துவர்கள் பயன்படுத்தும் பெராக்சைடு முறைகள் வெளுத்த அளவுக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை.

எனாமல் எவ்வளவு அரியது என்பதைப் புனேக்குக் கிழக்கே, கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவ் காட்டும். டெக்கான் கல்லூரி 1968 முதல் 1983 வரை அகழ்ந்த செப்புக்கற்காலக் குடியிருப்பு அது. வீட்டுத் தரைக்கடியில் தாழிகளில் புதைத்த குழந்தைகளின் பற்களையும், பெரியவர்களின் பற்களையும் ஜான் லூகாக்ஸும் எஸ்.ஆர். வாலிம்பேயும் ஆராய்ந்து தனி நூலாகவே எழுதினார்கள். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும், ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்கு அந்த எனாமல் தாங்கியிருக்கிறது. நம் உடலில் வேறெந்தப் பொருளும் அவ்வளவு உறுதியானது இல்லை. ஆனால் ஒருமுறை போனால் உடல் அதைத் திரும்பச் செய்யாது. எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

தேய்ப்பதும் கரைப்பதும் கறையோடு பல்லையும் தொடுகின்றன. செரிப்பது அப்படியல்ல. கறை புரதப் படலத்தில்தான் சிக்கியிருக்கிறது என்று பார்த்தோம். புரதத்தை மட்டும் வெட்டுகிற நொதி கிடைத்தால், எனாமலைத் தொடாமல் கறையை உதிர்க்கலாம். தாவர வெளுப்பில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது இந்த ஒரு கிளைதான். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயினும் அன்னாசித் தண்டில் உள்ள புரோமலினும் இத்தகைய நொதிகள். இறைச்சி வேகப் பப்பாளிக்காய்த் துண்டைப் போடும் சமையல்காரர்கள் இந்த வேதியியலை நெடுங்காலமாக அறிவார்கள்.

1990களில் அமெரிக்காவில் ரெம்ப்ராண்ட் என்ற பற்பசை பப்பெயினை அலுமினா, சிட்ரேட் ஆகியவற்றோடு சேர்த்து வெளுப்புப் பசையாக விற்றது. நம் பக்கத்தில், மணிப்பாலைச் சேர்ந்த கல்யாண சக்ரவர்த்தியும் சசிதர் ஆச்சார்யாவும் பப்பெயினும் புரோமலினும் சேர்ந்த பற்பசையைச் சோதித்து, ஒப்பீட்டுப் பசையைவிட மேற்பரப்புக் கறையை அது நன்றாக நீக்கியதாக 2012இல் எழுதினார்கள். பிரேசிலில் 2003இல் வந்த பப்பகேரி என்ற பப்பெயின் களிம்பு, சொத்தைப் பல்லில் அழுகிய பகுதியை மட்டும் இளக்கி, நல்ல திசுவை விட்டுவிடப் பயன்படுகிறது. ஆக, நொதி பல்லில் வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. எந்த அளவில், எத்தனை நிமிடத்தில், பற்பசைக்குள் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்பவைதான் கேள்விகள். பப்பெயின் ஆக்சிஜனேற்றப் பொருள்களோடு சேர்ந்தால் செயலிழக்கும். ஈரத்திலும் சூட்டிலும் நாளடைவில் வீரியம் குறையும். கோடையில் 40 பாகையைத் தொடும் ஊரில் கடை அலமாரியில் ஆறு மாதம் இருந்த குழாயில் எவ்வளவு நொதி மிஞ்சியிருக்கும் என்பதை எந்த உறையும் சொல்வதில்லை. சோதிக்கப்பட வேண்டியது அதுதான். எவ்வளவு கறை போனது என்பது அதற்கு அடுத்தபடி.

வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பழுத்த பப்பாளியில் பப்பெயின் மிகக் குறைவு. பழச் சதையைப் பல்லில் தேய்ப்பதால் கிடைப்பது சர்க்கரைதான். நொதி இருப்பது காயைக் கீறினால் வடியும் பாலில். அந்தப் பால் ஈறையும் உதட்டையும் புண்ணாக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பப்பெயினுக்காகவே கோ 5 என்ற பப்பாளி ரகத்தை வளர்த்தெடுத்தது. அதிலிருந்து வடித்த பால், உலர்த்திச் சுத்திகரித்து, அளவு தெரிந்த நொதியான பிறகுதான் வாய்க்கு வரலாம்.

குச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. சுசுருதர் வேம்பையும் கருங்காலியையும் இலுப்பையையும் புங்கையும் பல்குச்சிக்குச் சிறந்தவையாகச் சொல்லி, குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளம் இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறார். மசூதி வாசல்களில் விற்கும் மிஸ்வாக், உகாய் மரத்தின் வேர். அதில் இயற்கையாகவே சிலிக்காவும் குளோரைடுகளும் கிருமியைத் தடுக்கும் ஐசோதயோசயனேட்டும் உண்டு. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி புனேயின் மகாத்மா புலே மண்டய் சந்தையில் அருகம்புல்லோடு கட்டுக்கட்டாக வந்திறங்கும் ஆகாடா நம் நாயுருவிதான். அதன் வேரைப் பல் துலக்கப் பயன்படுத்தும் வழக்கம் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் இருந்தது. மென்று நாராக்கிய குச்சி நல்ல துடைப்பான். பஞ்சுபோல் மென்றுகொண்டால் பல்லுக்கும் ஈறுக்கும் இதம். ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தை அது எட்டாது. அது அகற்றுவதும் புதிதாகப் படிந்த கறையையே. கெட்டிப்பட்ட காரையை எந்தக் குச்சியும் பெயர்க்காது, அதற்குப் பல் மருத்துவரின் ஸ்கேலிங்தான் வேண்டும்.

மூலிகை கறையைப் போக்குவதைவிடக் கறை வராமல் தவிர்ப்பதில் அதிகம் உதவும் ஓர் இடம் இருக்கிறது. ஈறு நோய்க்கு மருத்துவர்கள் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பான் நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லைப் பழுப்பாக்கும். திரிபலாக் கஷாயத்தை அதற்கு மாற்றாக இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகள் சில சோதித்து, பல்லில் படியும் பாசியைக் கட்டுப்படுத்துவதில் ஊக்கம் தரும் முடிவுகள் கண்டிருக்கின்றன. நல்லெண்ணெய் கொப்பளிப்பதைச் சென்னையில் சரத் அசோகன் குழுவினர் 2008இல் ஆராய்ந்தபோதும் சொத்தை உண்டாக்கும் கிருமி குறைந்ததைக் கண்டார்கள். வெளுப்பு என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. ஆனால் கடையில் எண்ணெய் விற்பவர்கள் அதைத்தான் சொல்லி விற்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் பெருமைக்குரிய பல்மூலிகை வஜ்ரதந்தி. மஞ்சள் பூப்பூக்கும் முட்செடி, நாம் செம்முள்ளி என்போம். கேசவ் விஷ்ணு பெண்டார்கர் 1952இல் மும்பை பரேலில் தொடங்கிய விக்கோ நிறுவனம் இந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அப்படிப்பட்ட மூலிகைப் பசைகளை வாங்குபவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் கறையைத் தேய்த்தெடுப்பது சுண்ணாம்புத்தூளான கால்சியம் கார்பனேட். நுரை தருவது மற்றப் பசைகளில் உள்ள அதே சவர்க்காரம். மூலிகைக்குச் சுவையும் மணமும் ஈறுக்கான ஏதோவொரு பங்கும் உண்டு. அதைவிட முக்கியம், பல மூலிகைப் பசைகளில் ஃபுளோரைடு இருப்பதில்லை. இந்தியச் சட்டம் பற்பசையில் 1,000 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. வெளுப்புக்காகப் பசையை மாற்றி, சொத்தைக்கு எதிரான காப்பை இழப்பது, அதுவும் குழந்தைகள் விஷயத்தில், மோசமான பேரம்.

இத்தனையும் மேற்பரப்புக் கறைக்கே. உள்ளே ஊறிய கறையை, நான் அறிந்தவரை, எந்தத் தாவரமும் எட்டியதில்லை. எனாமலுக்குள் ஊடுருவி நிறமூலக்கூறுகளை உடைப்பது பெராக்சைடுதான். அதைக் கடையில் யாரும் வாங்கிப் பூசிக்கொள்ள விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் விதி செய்தது: 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரையிலானது பல் மருத்துவரின் மேற்பார்வையில், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

உள்ளே ஊறிய கறை தமிழர்களுக்கு நெருக்கமான செய்தி. கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட் குழுவினர் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில், குடிநீரில் ஃபுளோரைடு மிஞ்சுவதால் வரும் நோயை விவரித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இன்றும் அதைத் தருகிறது. பல் முளைப்பதற்கு முன், ஈறுக்குள் எனாமல் உருவாகும் காலத்திலேயே படிந்த பழுப்பு அது. வேலை தேடிப் புனேக்கும் பெங்களூருக்கும் வரும் இளைஞர்கள் நேர்காணலுக்குப் பயந்து கரிப்பசையும் எலுமிச்சையும் தேய்க்கிறார்கள். அந்த எனாமல் ஏற்கெனவே நுண்துளைகள் மிகுந்தது, மற்றவர்களுடையதைவிட எளிதில் தேயும். மருத்துவர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை நீக்கியும் பெராக்சைடால் வெளுத்தும் அதைச் சீராக்க முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஆண்டுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் ஏழெட்டு வயதில் முளைத்திருக்கும். காவிரி நீர் ஒழுங்காக வந்த ஊர்களிலும் இன்னும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் ஊர்களிலும் அந்தப் பற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய காலம் இது.